பாயை நனைக்கும் பிள்ளைகளைப் பற்றி ஒரு நீண்ட பதிவு



போன வாரம் என்னிடம் படித்த ஒருவன் வாட்ஸ்அப்பில் ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்றை அனுப்பினான். மனைவிக்கு ஐந்தாம் மாதம். "குழந்தைக்குக் கிட்னி வீங்கியிருக்காம் சார். வீட்ல எல்லாரும் அழுவுறாங்க. கலைச்சிடுன்னுகூட ஒருத்தர் சொல்றாரு" என்று கீழே எழுதியிருந்தான். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த இடைநிலை ஆசிரியன். இருந்தும் என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மலைமேல் வேலை பார்த்த காலத்தில் இந்தத் தொந்தரவோடு இருந்த ஒரு பையனை வேலூருக்கும், வேறு மாதிரித் தொந்தரவோடு இருந்த ஒரு பெண்ணைச் சென்னைக்கும் அனுப்பி வைத்தோம். அந்தப் பெண்ணின் வகுப்பில்தான் இவனும் இருந்தான்.

இவனுக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு பேர் அதே மாதிரி கேட்டார்கள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

ஊர் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள் இருக்கின்றன. நான் 1988-இல் மலையேறியபோது அது வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019 நவம்பரிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம். மலை என்னவோ அதே இடத்தில்தான் இருக்கிறது, கீழே இறங்குகிற கஷ்டமும் பாதி அப்படியே இருக்கிறது.

1994. மலைமேல் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. எது என்று சொல்லவில்லை, தேவையும் இல்லை. நெல்லிவாசல்நாட்டுப் பையன் ஒருவன் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தான். ஏழு வயது, பார்த்தால் ஐந்து வயதுதான் சொல்லலாம். தினமும் பாய் நனையும். பகலிலும் கால்சட்டை ஈரமாக இருக்கும். பிள்ளைகள் பக்கத்தில் படுக்க மாட்டார்கள். அப்போது இருந்த காப்பாளர், 'சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல இவனுக்குத் தண்ணி தரக்கூடாது' என்று உத்தரவு போட்டிருந்தார். பையன் இருட்டில் எழுந்துபோய்க் குழாயில் வாய் வைத்துக் குடிப்பான். அதற்கும் அடி விழும்.

எனக்கு முதலில் உறுத்தியது அந்தத் தாகம்தான். திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடிக்கிற அளவுக்கு ஒரு குழந்தைக்கு ஏன் தாகம் எடுக்க வேண்டும்? இரண்டாவது, வேலியோரம் நான் கண்டது. இடைவேளையில் பையன்கள் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போவார்கள். யாருடையது தூரம் போகிறது என்று பந்தயம்கூட உண்டு, உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எல்லாரும் முடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். இவன் மட்டும் அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு முக்கிக்கொண்டிருப்பான். நூல் மாதிரி வரும், நிற்கும், மறுபடி சொட்டும். பாதி அவன் கால்மேலேயே விழும். பாயை நனைப்பவன் சோம்பேறி என்றே வைத்துக்கொள்வோம். பட்டப்பகலில் நின்று முக்குகிறவனை என்னவென்று சொல்வது?

அவன் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மூத்திரம் போறதுக்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா வாத்தியாரே" என்று சிரித்தார். அம்மாதான் பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்தே இவனுக்கு இப்படித்தான், காய்ச்சல் வந்தால் குளிரில் உடம்பு தூக்கிப்போடும், மாரியம்மாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றார். ஓர் ஆட்டை விற்றார்கள். ஆசிரியர்கள் நாங்கள் கொஞ்சம் போட்டோம். திருப்பத்தூரில் டாக்டர் ஒருவர் பையனை ஒன்றுக்குப் போய்வரச் சொல்லிவிட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். போய்வந்த பிறகும் மூத்திரப்பை தேங்காய் மாதிரி கையில் தட்டுப்பட்டது. உடனே வேலூர் சி.எம்.சி.க்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அங்கே எம்.சி.யு. என்று ஒரு படம் எடுத்தார்கள். ஒரு மெல்லிய டியூபை ஒன்றுக்குப் போகிற வழியாக விட்டு, மூத்திரப்பையில் மருந்துத் தண்ணீரை நிரப்பி, பிள்ளை ஒன்றுக்குப் போகும்போதே எக்ஸ்ரே எடுப்பார்கள். பையன் கூச்சத்தில் அழுதான். ஆனால் அந்த ஒரு படத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. மூத்திரப்பைக்குக் கீழே பாதை பலூன் மாதிரி விரிந்து, பிறகு திடீரென்று நூலாகச் சுருங்கியிருந்தது. மூத்திரப்பையின் ஓரம் முண்டும் முடிச்சுமாக இருந்தது. ஒரு பக்கம் மருந்து மேலே கிட்னிவரை திரும்பி ஏறியிருந்தது.

இதற்குப் 'பின்புற மூத்திரக்குழாய் வால்வு' என்று பெயர். ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே வரும். கருவிலேயே மூத்திரக்குழாயின் மேல்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்பு உண்டாகிப் பாதையை மறைத்துக்கொள்கிறது. அமெரிக்க மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங் 1919-இலேயே இதை வகைப்படுத்தி எழுதிவிட்டார். 5000 முதல் 8000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். அபூர்வம்தான். ஆனால் ஓர் ஆசிரியர் தன் சர்வீசில் எத்தனை பையன்களைப் பார்க்கிறார், ஒரு மாவட்டத்தில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

மதகு அடைத்துக்கொண்ட ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வெளியே போக வழியில்லை. மூத்திரப்பை முட்டி முட்டித் தடித்துப்போகிறது. மேலே கிட்னியிலிருந்து வருகிற குழாய்கள் வீங்குகின்றன. கடைசியில் கிட்னியும் வீங்கிக் கெடுகிறது. இது பிறந்த பிறகு ஆரம்பிப்பதில்லை, வயிற்றுக்குள் இருக்கும்போதே நடக்கிறது. கெட்டுப்போன கிட்னியால் மூத்திரத்தைச் சுண்ட வைக்க முடியாது. தண்ணீர் தண்ணீராக வெளியே போய்விடும், அதனால்தான் அவ்வளவு தாகம். அந்தப் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்துவது பாயைக் காப்பாற்றுகிற வைத்தியம் இல்லை, கிட்னிக்கு உலை வைக்கிற வேலை.

வயிற்றைக் கிழிக்காமல், ஒன்றுக்குப் போகிற வழியாகவே சின்னக் குழாய்க் கேமரா ஒன்றை விட்டு அந்தச் சவ்வை வெட்டிவிட்டார்கள். டியூபை எடுத்த அன்று பையன் ஒன்றுக்குப் போனான். எதிர்ச் சுவரில் போய் அடித்தது. அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் அழுததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. ஒரு கிட்னி ஏறக்குறைய வேலை செய்யவில்லை, இன்னொன்று சுமார் என்று டாக்டர் அப்போதே சொன்னார். சவ்வை வெட்டினால் வழி திறக்குமே தவிர, ஏழு வருஷமாகத் தடித்துப்போன மூத்திரப்பை மறுநாளே இளகிவிடாது. நிரம்பினாலும் உணர்த்தாது, முழுசாகக் காலியாகாது. அதனால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, வருகிறதோ இல்லையோ, போக வேண்டும். போய்விட்டு ஐந்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை போக வேண்டும். மருந்துச் சீட்டில் இதையும் எழுதித் தந்தார்கள்.

பள்ளிக்கூடத்தைவிட இதற்குத் தோதான இடம் எது? மணி அடித்தால் இவன் யாரையும் கேட்காமல் எழுந்து போகலாம் என்று ஏற்பாடு செய்தோம். வாய்ப்பாடு ஒப்பிக்கும் நேரம் பார்த்து இன்னும் நாலு பேருக்கு அதே வியாதி வந்தது வேறு விஷயம். ஒரு வருஷத்தில் பகலில் நனைவது நின்றது. பத்தாம் வகுப்புவரை படித்தான்.

பிறகு கேரளாவுக்கு வேலைக்குப் போனான், மலையிலிருந்து எத்தனையோ பேர் போவது மாதிரி. ஆறு வருஷம் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உடம்பில் வலி இல்லை, மூத்திரம் நன்றாகப் போகிறது. ஒரு நாள் ரத்தம் பார்க்க வேலூர் வருவதென்றால் மூன்று நாள் கூலி போய்விடும். 2009-இல் முகம் வீங்கி, ரத்தக்கொதிப்போடு திரும்பி வந்தான். கிரியேட்டினின் எங்கோ போய்விட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். 2011-இல் அவன் அம்மாவே கிட்னி கொடுத்தார்.

இந்தியாவில் முதன்முதலில் கிட்னி மாற்று அறுவை வெற்றியாக நடந்தது அதே வேலூர் சி.எம்.சி.யில்தான், 1971-இல். நாற்பது வருஷம் கழித்து ஜவ்வாது மலையில் சாமை விதைக்கிற ஓர் அம்மாவுக்கு அதனால் பலன் கிடைத்தது.

மாற்றுக் கிட்னி வைப்பதற்கு முன்னால் மூத்திரப்பையைச் சரிசெய்ய வேண்டும் என்றார்கள். இல்லையென்றால் புதுக் கிட்னியையும் அது கெடுத்துவிடுமாம். அதற்கு அவனே ஒரு மெல்லிய டியூபை விட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை காலி செய்துகொள்ளப் பழக வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் தேவையில்லை, சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும் என்று 1972-இல் ஜாக் லாபிடஸ் என்ற அமெரிக்க டாக்டர் காட்டிக்கொடுத்த முறை இது. முதலில் மாட்டேன் என்று நின்றான். "ஆம்பளை செய்ற வேலையா சார் இது?" என்றான். இப்போது சட்டைப்பையில் டியூப் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. மலைமேலேயே பயிர் வைக்கிறான், கல்யாணமும் ஆகிவிட்டது. இதை எழுதலாமா என்று கேட்டேன். "பேரு மட்டும் வேண்டாம் சார், மத்ததெல்லாம் எழுதுங்க" என்றான்.

பத்துப் பேருக்கு இந்த வால்வு இருந்தால் இரண்டு மூன்று பேர் இப்படிக் கிட்னி செயலிழப்புவரை போகிறார்கள். மற்றவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். ஆனால் எல்லாருமே வருஷா வருஷம் ரத்தக்கொதிப்பும் கிரியேட்டினினும் பார்த்தே ஆக வேண்டும். ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று ஃபைலைத் தூக்கிப் பரணில் போடுகிற வியாதி இல்லை இது.

இனி அந்தப் பெண். 2005. ஐந்தாம் வகுப்பு, நல்ல படிப்பு. பாவாடை எப்போதும் லேசாக ஈரமாகவே இருக்கும், வாடை வரும். வயது பதினொன்று. வீட்டில் வெட்கப்பட்டுப் பள்ளியை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு வந்துவிட்டது. மலையில் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்தினால் அடுத்தது என்ன என்பது உங்களுக்குத் தெரியும்.

உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, எங்கள் சமையல்கார அம்மா. "சார், அவ நேரத்துக்குப் போறா. நான் கூடப் போய்ப் பாத்திருக்கேன். போயிட்டு வந்த அஞ்சு நிமிசத்துல துணி ஈரம். அடக்க முடியாம போறதில்ல சார் இது, எங்கிருந்தோ சொட்டுது" என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் சொன்னதை அப்படியே ஒரு தாளில் எழுதி அந்தப் பெண்ணின் அம்மாவிடம் கொடுத்தேன். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் அந்தத் தாளைப் படித்த டாக்டர், மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், "இதுக்கு மேல வேற என்ன வேணும்?" என்றாராம்.

சரியாக ஒன்றுக்கும் போகிறாள், இரவும் பகலும் சொட்டிக்கொண்டும் இருக்கிறாள் என்றால் அது பழக்கக் கோளாறு இல்லை. கிட்னியிலிருந்து மூத்திரப்பைக்கு ஒரு குழாய் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு ஒரு பக்கம் இரண்டு குழாய்கள். இரண்டாவது குழாய் மூத்திரப்பைக்குள் சேராமல், அடக்கிவைக்கிற தசைக்கும் கீழே, தவறான இடத்தில் திறந்திருந்தது. மேல் கிட்னித் துண்டு சின்னது, அதில் ஊறுவது கொஞ்சம். ஆனால் நிற்காமல் ஊறும். சாதாரண ஸ்கேனில் அந்தத் துண்டு கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. அதனால் ஸ்கேன் நார்மல் என்று சொல்லிப் பல பெண்களை வருஷக்கணக்கில் திட்டிக்கொண்டே வளர்த்துவிடுகிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இந்தக் குழாய் தவறினாலும் அந்தத் தசைக்கு மேலேதான் திறக்கும், அதனால் சொட்டுவதில்லை.

வேலை செய்யாத அந்தத் துண்டையும் குழாயையும் எடுத்துவிட்டார்கள். சில பிள்ளைகளுக்குக் குழாயைச் சரியான இடத்தில் சேர்த்துத் தைப்பார்கள். ஆபரேஷன் ஆன வாரத்திலிருந்து பாவாடை காய்ந்தே இருந்தது. பதினொரு வருஷ ஈரம்! அந்தப் பையன் மாதிரி இவளுக்கு ஆயுள் முழுக்க அலைச்சல் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள், இப்போது பெங்களூரில் இருக்கிறாள்.

இதைப் படித்துவிட்டு, பாயை நனைக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடாதீர்கள். ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பிள்ளைகள்வரை இரவில் நனைப்பார்கள். வளர வளரத் தானாகக் குறையும். இரவில் மட்டும் நனைந்து, பகலில் சுத்தமாக இருந்து, மூத்திரம் நன்றாகப் பீய்ச்சிப் போகிறது என்றால் பயம் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அதனாலும் நனைப்பதுண்டு. பகலிலும் ஈரம், முக்கிப் போவது, நூலாகச் சொட்டுவது, வளர்த்தி இல்லாமை, அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் டாக்டரிடம் போங்கள். (அந்தத் தாகம் சர்க்கரையாகவும் இருக்கலாம், அதையும் பார்ப்பார்கள்.) சளி இருமல் எதுவும் இல்லாமல் கைக்குழந்தைக்கு அடிக்கடி காய்ச்சல் வந்தால், ஆன்டிபயாடிக் கொடுக்கும் முன்னால் மூத்திரம் கல்ச்சர் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு டோஸ் மருந்து உள்ளே போய்விட்டால் கல்ச்சரில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

கர்ப்பத்தில் ஸ்கேன் பார்த்துப் பயந்தவர்களுக்கு: நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டில் குழந்தையின் கிட்னி கொஞ்சம் வீங்கித் தெரிகிறது. பெரும்பாலானவை தானாகச் சரியாகிவிடுகின்றன. ஒரு ஸ்கேனை வைத்துக்கொண்டு கலைப்பதைப் பற்றிப் பேசாதீர்கள். டாக்டரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? மூத்திரப்பை காலியாகிறதா, எப்போதும் நிரம்பியே இருக்கிறதா? பனிக்குடத் தண்ணீர் சரியாக இருக்கிறதா? நாலு மாசத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி குழந்தையின் மூத்திரம்தான், அதில்தான் நுரையீரலும் வளர்கிறது. தண்ணீர் குறைந்தால்தான் கவலை. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள், 1994 சட்டப்படி சொல்லக்கூடாது.

இரண்டு பக்கமும் வீக்கம், மூத்திரப்பையும் பெரிது என்றால், குழந்தைகள் அறுவை மருத்துவர் இருக்கிற ஊரில் பிரசவம் வைத்துக்கொள்ளுங்கள். ஆண் குழந்தை பிறந்தால் அன்றே டியூப் போட்டு மூத்திரப்பையைக் காலி செய்து, ஸ்கேனும் எம்.சி.யு.வும் பார்ப்பார்கள். முதல் நாள் கிரியேட்டினின் அம்மாவுடையது, அதைப் பார்த்து அழவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். வால்வை வெட்டிய பிறகு முதல் வருஷத்துக்குள் அது 0.8க்குக் கீழே இறங்கினால் நல்ல அறிகுறி என்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் லேசான வீக்கம் என்றால் அவசரம் இல்லை. பிறந்த முதல் இரண்டு நாளில் மூத்திரம் குறைவாக ஊறுவதால் வீக்கம் மறைந்திருக்கும், அதனால் சில நாள் கழித்து ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

ஆசிரியராக இருக்கிற என் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. 2013-இலிருந்து ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் திட்டத்தில் டாக்டர் குழு பள்ளிக்கு வருகிறது. நல்ல திட்டம். கண், காது, இருதயம், பல், வளைந்த பாதம் எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் தேசிய அளவில் வகுத்த அந்த 30 குறைபாடுகளில் சிறுநீர்ப்பாதை இல்லை. அதனால் அவர்களாகக் கேட்க மாட்டார்கள். அவர்கள் வருகிற நாளில் "இந்தப் பிள்ளை நனைக்கிறான், முக்கிப் போகிறான்" என்று காதில் போட வேண்டியது நீங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவில்லை, தாழ்ப்பாள் இல்லை என்று காலையிலிருந்து மாலைவரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் பாருங்கள். ஒரு கொக்கி வாங்கிப் போட நாற்பது ரூபாய் ஆகும். அதற்கு எந்த அரசாணையும் வேண்டாம்.

பணத்துக்கு: அந்தக் காலத்தில் ஆடு விற்றோம். 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. இப்போது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய்வரை. அட்டை எடுக்காதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று இவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எடுத்து வையுங்கள். வியாதி வந்த பிறகு அலையாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பழைய படம், சீட்டு எதையும் வீட்டில் விட்டுப் போகாதீர்கள். குழந்தை ஒன்றுக்குப் போவதைச் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் மட்டும் காட்டுங்கள், வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள். இரண்டு நாள், எத்தனை மணிக்குப் போனான், எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

சந்தேகம் இருந்தால் இங்கே எல்லார் முன்னாலும் பிள்ளைகள் பெயரைப் போட்டுக் கேட்க வேண்டாம். எனக்குப் போன் பண்ணுங்கள். பெண் பிள்ளை விஷயம் என்றால் வீட்டம்மாவிடம் பேசலாம். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல். மதியம் தூங்கிக்கொண்டிருப்பேன்.